அண்ணன் பெயரில் என் நெஞ்சுவலி

அண்ணன் செத்தது விபத்தில். பட்டப்பகலில், பாப்பிரெட்டிப்பட்டி போகும் சாலையில், மரவள்ளிக் கிழங்கு ஏற்றிய டிராக்டர் சட்டென்று திரும்ப, இவர் வண்டி நேராகப் போய் மோதியது. அதில் ஒரு மர்மமும் இல்லை. ஆனால் இரண்டு வருடத்துக்கு முன்னால் அவர் எடுத்திருந்த ஆயுள் காப்பீட்டுக்கு அண்ணி மனுப் போட்டபோது, கம்பெனியிலிருந்து வந்த கடிதம் வேறு கதை சொன்னது. பாலிசி எடுப்பதற்கு முன்பே அவருக்கு இதய நோய் இருந்ததாம். அதை மறைத்துக் கையெழுத்துப் போட்டாராம். அதனால் பணம் கிடையாதாம். இதை யார் சொன்னது என்பதற்கு, வேறொரு அமைப்பு இரகசியமாகப் பகிர்ந்த தகவல் என்று ஒரே ஒரு வரி.

கடத்தூரில் நான் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறேன். அண்ணி கடிதத்தை அங்கே கொண்டுவந்து, "படிங்க தம்பி" என்று நீட்டினார். படித்து முடித்து, மறுபடி முதல் வரியிலிருந்து படித்தேன்.

அந்த இதய நோய் என்னுடையது.

நான்கு வருடத்துக்கு முன்னால் அதே கடையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தேன். சேலத்தில் இதயக் குழாயில் உடனே ஸ்டென்ட் வைக்க வேண்டும் என்றார்கள். அரசாங்கக் காப்பீட்டு அட்டை என்னிடம் இல்லை. ஊரே போய் அட்டைக்கு எழுதிக்கொடுத்தபோது, இன்றைக்கு நாளைக்கு என்று இழுத்தடித்த சோம்பேறி நான். அண்ணன் தன் அட்டையை எடுத்துக் கொடுத்தார். இரண்டு பேருக்கும் ஒரே மூக்கு, ஒரே முன்வழுக்கை. "நீ வாயத் தொறக்காத. பேரு கேட்டா எம்பேரச் சொல்லு" என்றார். ஐந்து நாள் அவர் பெயரில் படுத்துக் கிடந்தேன். அப்போது வரப்புத் தகராறில் அண்ணிக்கும் என் மனைவிக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. எனக்கு நெஞ்சுவலி வந்ததோ அட்டை விஷயமோ அண்ணிக்குத் தெரிய வேண்டாம் என்று நாங்கள் இருவருமே முடிவு செய்தோம்.

"பதினெட்டு வருசம் ஒரே வூட்டுல இருந்திருக்கேன், எங்கிட்டயே மறைச்சிருக்காரு பாருங்க. நெஞ்சுல நோவ வெச்சுக்கிட்டா மனுசன் மூட்ட தூக்கினாரு? நான் வேற சும்மா சும்மா கத்திக்கிட்டே இருப்பனே!" என்று கடையிலேயே உட்கார்ந்து அழுதார் அண்ணி. பணம் வராததைவிட இதுதான் அவரை அரித்தது. அந்த நிமிடமே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. பயம்தான், வேறென்ன? ஒரு வாரம் கழித்து, "நீங்க சொல்றீங்களா, நான் போய்ச் சொல்லட்டுமா?" என்று என் மனைவி முறைத்த பிறகுதான் அண்ணியிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன்.

அண்ணி திட்டவில்லை. "அப்ப அவருக்கு நோவு ஒண்ணும் இல்லதான?" என்று இரண்டு தடவை கேட்டார். முகம் கொஞ்சம் தெளிந்தது. "போய் உள்ளதச் சொல்லுங்க தம்பி. அவரு பேரு கெட்டுக் கெடக்குது" என்றார்.

தருமபுரியில் கம்பெனி அலுவலகத்துக்குப் போய், ஜெயிலுக்குப் போகவும் தயாராக, எல்லாவற்றையும் ஒப்பித்தேன். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த அம்மா நல்லவர்தான், பொறுமையாகக் கேட்டார்.

"என்ன தகவல் வந்துச்சு, யாரு குடுத்தாங்கன்னு நாங்க சொல்லக் கூடாதுங்க."

"நீங்க சொல்லவே வேணாங்க. நான் சொல்றதக் கேட்டுக்குங்க, போதும்."

"எந்த ஆஸ்பத்திரின்னு நீங்க சொன்னா, ஆமான்னோ இல்லன்னோ நான் சொல்ல முடியாதுங்களே. உங்களுக்குத்தான் வைத்தியம் பண்ணாங்கன்னு ஆதாரம் இருக்குங்களா?"

அட சாமி! ஆதாரமா? ஆஸ்பத்திரிக் காகிதம் அத்தனையிலும் அண்ணன் பெயர். பிரேதப் பரிசோதனை அறிக்கையில் தலைக்காயம் மட்டும்தான், இதயத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அவரை எரித்தும் ஆயிற்று. என் நெஞ்சுக்குள் இருப்பதை எனக்கே இரகசியம் என்கிறார்கள், யாரிடம் போய் முட்டிக்கொள்வது?

காப்பீட்டுக் கம்பெனிகளைக் கண்காணிக்கும் ஆணையத்துக்கு நான்கு பக்கம் எழுதினேன். நான்தான் அந்த நோயாளி, வேண்டுமானால் என்னைப் படம் எடுத்துப் பாருங்கள் என்று கையெழுத்துப் போட்டு அனுப்பினேன். தாங்கள் தந்த தகவல் உரிய அமைப்புகளுடன் இரகசியமாகப் பகிரப்பட்டது, மேற்கொண்டு விவரம் தர இயலாது என்று பதில் வந்தது. யாருமே என்னைக் கூப்பிடவில்லை. எவனாவது வந்து சட்டையைப் பிடித்து உலுக்கியிருந்தால்கூட நிம்மதியாக இருந்திருக்கும்.

பிறகு அண்ணிக்குக் கம்பெனியிலிருந்து இன்னொரு கடிதம். புதிதாகக் கிடைத்த தகவலையும் பரிசீலித்தார்களாம் (நான் ஆணையத்துக்கு எழுதியதுதான், வேறென்ன?), முடிவில் மாற்றம் இல்லையாம். காரணம் இரகசியமாம்.

இந்தத் தடவை அண்ணி கடைக்கு வரவில்லை. நான்தான் அவர் வீட்டுக்குப் போனேன். அவர் அழவும் இல்லை. கடிதத்தை மடித்து மடித்துச் சின்னதாக்கிக்கொண்டே இருந்தார்.

"எல்லாத்தையும் பாத்துட்டுத்தான இப்பிடிச் சொல்றாங்க?" என்றார். "தம்பி, நெசத்தச் சொல்லுங்க. எம் மனசு ஆறட்டும்னு அவரு நோவ உங்க மேல போட்டுக்கிட்டீங்களா?"

"இல்லீங்க அண்ணி. எனக்குத்தான். சத்தியமா எனக்குத்தான்."

"செரி தம்பி" என்று தலையை ஆட்டினார். நம்பவில்லை.