பால் பைகளுக்குப் பின்னால் ஒரு ரிவோல்வர்

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். வெட்கப்பட்டுச் சொல்லவில்லை, பெருமையாகத்தான் சொல்கிறேன். மொன்றியலுக்கு வந்து கோப்பை கழுவினேன். பிறகு வில்லரேயில் ஒரு டெப்பனர் எடுத்தேன், அதாவது பாலும் பியரும் லொத்தர் சீட்டும் விற்கும் மூலைக்கடை. அந்த ஒன்று மூன்றானது. நோத்ர-டாம்-த-கிரேஸில் நான் வாடகைக்கு இருந்த ஆறு வீட்டுக் கட்டடத்தை நானே வாங்கினேன். இன்றைக்கு அங்கே இரண்டு பட்டதாரிகள் குடியிருக்கிறார்கள். குழாய் ஒழுகினால் இருவரும் கைகட்டி நின்று என்னிடம்தான் சொல்ல வேண்டும். வாங்க நினைத்த எதையும் நான் வாங்காமல் விட்டதில்லை, ஒன்றைத் தவிர. ஒரு ரிவோல்வர்.

ஏன் ரிவோல்வர் என்று விளங்க வேண்டுமானால் அந்தக் கொள்ளைக் கதையைச் சொல்ல வேண்டும். அது இரண்டு விதமாக இருக்கிறது.

மண்டபங்களில் நான் சொல்வது முதலாவது. ஒரு தை மாதம், பின்னேரம் மூன்று மணி. கவுண்டரில் நான் நிற்கிறேன். முகமூடிக்காரன் ஒருவன் வந்து ரிவோல்வரை என் நெற்றிக்கு நேரே பிடிக்கிறான். நான் அவன் கண்ணைப் பார்க்கிறேன். அவன் கை நடுங்குகிறது. கிடைத்த சில்லறையை அள்ளிக்கொண்டு ஓடிவிடுகிறான். இந்தக் கதையைப் பிறந்தநாள், பெண்பிள்ளை பெரியவளான சாமத்தியவீடு, கலியாணம், செத்தவீட்டு அந்தியேட்டி எல்லாவற்றிலும் சொல்லியிருக்கிறேன். அலுத்துப்போனது என்று ஒருவரும் முகத்துக்கு நேரே சொன்னதில்லை.

இரண்டாவது, நடந்தது. கவுண்டரில் நின்றது என் மனைவி. அவள் கனடாவுக்கு வந்து எட்டு மாதம். நான் கடையின் பின்பக்கத்துப் பெரிய பிரிட்ஜுக்குள் பால் அடுக்கிக்கொண்டிருந்தேன். அந்த பிரிட்ஜுக்குள் ஆள் நிற்கலாம், உள்ளேயிருந்தபடியே தட்டுகளை நிரப்பலாம். பால் பைகளுக்கு இடையால் எல்லாம் பார்த்தேன். அவன் முதுகு தெரிந்தது, முழங்கை தெரிந்தது, அதற்கு அப்பால் அவள் முகம் தெரிந்தது. நான் வெளியே வரவில்லை. அவள் லாச்சியைத் திறந்து காசை எடுத்து நீட்டினாள். நீட்டும்போது, ஒரு நாளைக்கு நூறு தரம் கேட்டுப் பழகிய வாயல்லவா, "பை வேணுமா?" என்று பிரெஞ்சில் கேட்டாள். அவனும் ஓம் என்று பையோடு வாங்கிக்கொண்டு போனான். அவன் போய் நெடுநேரத்துக்குப் பிறகுதான் நான் பிரிட்ஜிலிருந்து வந்தேன்.

இந்த இரண்டாவது கதை தெரிந்த ஆட்கள் இரண்டே பேர். முதலாவதை நான் சொல்லும்போதெல்லாம் மனைவி பக்கத்தில்தான் இருப்பாள். முப்பது வருடமாக ஒரு சொல் சொன்னதில்லை.

சில வருடங்களுக்கு முன், அரசாங்கம் கைத்துப்பாக்கி விற்பனையை நிறுத்தப் போகிறது என்று செய்தி வந்தது. அந்தக் கிழமை புரோசார்டில் ஒரு பிறந்தநாள். நான் என் கதையைச் சொல்லி முடித்ததும், பென்சன் எடுத்த பஸ் சாரதி ஒருவர் கேட்டார்.

"அண்ணை, அண்டைக்கு உங்களிட்டையும் ஒண்டு இருந்திருந்தா?"

"இருந்திருந்தா அவன் இண்டைக்கு இருக்கமாட்டான். இப்பவும் என்ன, விக்கிறதை நிப்பாட்டுறதுக்குள்ள நான் ஒண்டு வாங்கத்தான் போறன். வாங்கிப்போட்டு உங்கள் எல்லாரையும் வீட்டை கூப்பிட்டுக் காட்டுறன்."

மேசை முழுக்கக் கைதட்டியது. வாய் சொல்லிவிட்டது. இனி வாங்காவிட்டால் முப்பது வருடக் கதை காற்றுப்போன பந்து. கைதட்டிய அத்தனை பேரும் அடுத்த விருந்தில், "எங்கை அண்ணை சாமான்?" என்று கேட்பார்கள். எங்கள் சனத்தை எனக்குத் தெரியும்.

அடுத்த சனிக்கிழமையே துப்பாக்கிக் கடைக்குப் போனோம், ஆற்றின் தெற்குக் கரையில், புரோசார்டைத் தாண்டி. மனைவி நகைக்கடைக்கு வருவது போலச் சேலைக்கு மேல் நல்ல குளிர்ச்சட்டை போட்டுக்கொண்டு வந்தாள். உள்ளே சனமோ சனம். நாளைக்கு உலகம் முடியப் போகிறது, அதை ஆறு குண்டில் தடுத்துவிடலாம் என்கிற முகத்தோடு தொப்பி போட்ட ஆம்பிளைகள். கண்ணாடிப் பெட்டிகளில் பாதி காலி. வேண்டாம் என்று அரசாங்கம் சொன்னவுடன் எல்லோருக்கும் வேண்டியிருக்கிறது. இவர்களைப் பார்த்து நான் சிரித்தேன். நானும் வரிசையில் நின்றுகொண்டுதான் சிரித்தேன்.

தாடிக்கார விற்பனையாளன் "போன்ஜூர்" என்றான். என் முகத்தைப் பார்த்து ஆங்கிலத்துக்கு மாறினான். மனைவி பிரெஞ்சில் பதில் சொன்னாள். அவள் தையல் தொழிற்சாலையில் பத்து வருடம் பிரெஞ்சுக்காரிகளோடு இருந்தவள். என்னுடைய பிரெஞ்சு பியர், சிகரெட், மெர்சி, அதற்கு மேல் போகாது. அதற்குப் பிறகு அவன் என்னோடு கதைக்கவேயில்லை.

குண்டு போடும் உருளையை வெளியே தள்ளி, காலி என்று காட்டிவிட்டு, ஒரு ரிவோல்வரை மேசையில் வைத்தான். நான் எடுத்தேன். நான் நினைத்ததைவிடப் பாரம், ஒரு பை பால் போலக் கனத்தது. கை கொஞ்சம் ஆடியது. சீனி வருத்தக்காரனின் கை ஆடும்தானே. மனைவி வாங்கிப் பார்த்தாள். அவள் கையில் அது அசையாமல் நின்றது. விற்பனையாளன் ஏதோ சொல்லிப் பாராட்டினான்.

"என்னவாம்?"

"எனக்கு நல்ல பிடியாம்."

பிறகு அவள் குழலைப் பார்த்துவிட்டுத் தமிழில், எனக்கு மட்டும் கேட்கச் சொன்னாள். "அண்டைக்கு அவன் வைச்சிருந்தது இதைவிடச் சின்னன்."

நான் வேறு கண்ணாடிப் பெட்டியைப் பார்க்கப் போய்விட்டேன்.

விற்பனையாளன் விதிகளைச் சொன்னான். முதலில் லைசென்ஸ். அதற்கு வகுப்பு, பரீட்சை, படிவம். ஒரு சுடும் கழகத்தில் அங்கத்தவராக வேண்டும். வீட்டில் விசைக்கு ஒரு பூட்டு, பெட்டிக்கு ஒரு பூட்டு, குண்டு வேறு இடத்தில். கடைசியாக விரலை உயர்த்தி ஒன்று சொன்னான், மனைவி மொழிபெயர்த்தாள்.

"ஏன் வேணும் எண்டு கேட்டா விளையாட்டுக்கு எண்டு மட்டும் சொல்லட்டாம். பாதுகாப்புக்கு எண்டு வாயே திறக்கக் கூடாதாம்."

"விளையாட்டுக்கோ? எனக்கு அறுபத்தெட்டு வயசு!"

"அப்ப கள்ளனைக் கொஞ்சம் பொறுக்கச் சொல்லவேணும். நீங்கள் திறப்பு ரெண்டும் தேடி, கண்ணாடியும் தேடி எடுக்குமட்டும் அவன் நிக்கவேணுமே."

வகுப்புக்குப் போனேன், பரீட்சையும் எழுதினேன். எட்டாம் வகுப்புக்காரன் முதல் தரத்திலேயே தேறினேன். என் பக்கத்திலிருந்த கணினிப் பொறியியலாளன் தேறவில்லை. இதைச் சொல்லாமல் விட்டால் எனக்கு நித்திரை வராது.

மிஞ்சியது படிவம். எங்கள் ஆட்களுக்கு ஒரு பழக்கம். அகதியாக வந்த காலத்தில் எந்தப் படிவம் கொடுத்தாலும் அதோடு ஒரு அறிக்கை இணைப்போம். அதற்குக் 'கேஸ் எழுதுறது' என்று பெயர். அறிக்கை இல்லாத படிவம் சீனி இல்லாத தேத்தண்ணி மாதிரி. ரிவோல்வர் படிவம் அப்படி எதையும் கேட்கவில்லை. ஆனால் கேட்காததையும் கொடுப்பதுதான் கெட்டித்தனம் என்று நினைத்து, என் அகதிக் கேஸை எழுதிய அதே அண்ணையிடம் போனேன். அவருக்கு எண்பது தாண்டிவிட்டது. கோட்-டெ-நேஜில் மூன்றாம் மாடியில் இருக்கிறார். ஊரில் கந்தோர் கிளாக்கர், இங்கே வந்து ஊர்ப்பட்ட பேருக்குக் கேஸ் எழுதியவர். கடைசியாக எழுதிப் பல வருடம் என்பதால் பேனாவைக் கண்டதும் மனுசனுக்கு இருபது வயது குறைந்தது.

"தம்பி, முதல் வரி என்ன போடுறது தெரியுமே?"

"சொல்லுங்கோ அண்ணை."

"'எனது உயிருக்கு ஆபத்து உள்ளது.' இந்த ஒரு வரியில எத்தினை குடும்பத்தை இந்த நாட்டில இருத்தினனான்!"

"கடைக்காரன் விளையாட்டுக்கு எண்டு சொல்லச் சொன்னவன்."

"அவனுக்கென்ன தெரியும்? அவன் எத்தினை கேஸ் வெண்டவன்? பயம் இல்லாதவனுக்கு எவனாவது துவக்குக் குடுப்பானே?"

நான்கு பக்கம் எழுதினார். கொள்ளையை நான் சொன்னேன், முதலாவது விதத்தில். அவர் அதற்கும் மேலே போனார். 'நான் நெஞ்சை நிமிர்த்தி நின்றேன்' என்றார். 'இன்றும் அவனது கண்கள் என்னைப் பின்தொடர்கின்றன' என்றார். வாசித்துக் காட்டியபோது எனக்கே என் மேல் மரியாதை வந்தது. அதை ஆங்கிலத்திலும் அடித்துத் தந்தார்.

வீட்டுக்கு வந்து படிவத்தைப் பார்த்தால், ஒரு பெட்டியில் மனைவியின் கையெழுத்து வேண்டுமாம். மூன்று கடை வாங்கினேன், கட்டடம் வாங்கினேன், ஒரு வங்கிக்காரனும் இவள் முகத்தை நிமிர்ந்து பார்த்ததில்லை. ஆறு குண்டுக்கு இவள் கையெழுத்தாம்.

"இஞ்சேரும், இதில ஒருக்கா சைன் வையும்."

அவள் படிவத்தை ஒதுக்கி வைத்துவிட்டு அறிக்கையின் தமிழ்ப் பிரதியை எடுத்தாள். கறிக்கு அரிந்துகொண்டிருந்த வெங்காயத்தைத் தள்ளிவைத்து, நான்கு பக்கமும் வாசித்தாள்.

"ஆர் இந்த நெஞ்சை நிமித்தினவர்?"

"அது அண்ணையின்ர எழுத்து."

"அப்ப நான் எங்க நிண்டனானாம்? நாலு பக்கத்தில என்னைக் காணேல்ல."

"நீர் இதில ஏன்?"

"கலியாணவீடுகளில நீங்கள் சொல்லேக்க நான் வாயைத் திறந்தனானே? இல்லை. அது கதை. இது அரசாங்கத்துக்குப் போற கடுதாசி. நான் கையெழுத்து வைக்கிறதெண்டா, பிரிட்ஜுக்குள்ள நிண்டது நீங்கள் எண்டு எழுதுங்கோ. இல்லாட்டி இந்த நாலு பக்கத்தையும் கிழியுங்கோ. ரெண்டில ஒண்டு."

எழுதினால் கேஸ் அண்ணைக்குத் தெரியும். அவருக்குத் தெரிந்தால் மொன்றியல் முழுக்கத் தெரியும். கிழித்தால் நானே ஒத்துக்கொண்ட மாதிரி. விற்பனையோ எந்த நேரமும் நிற்கலாம். அண்ணைக்குப் போன் அடித்துக் கேட்டேன். கையெழுத்து இல்லாவிட்டாலும் அனுப்பலாம், அவர்கள் மனைவிக்கு அறிவிப்பார்கள், அவ்வளவுதான் என்றார். வெறும் அறிவிப்புத்தானே. அந்தப் பெட்டியைக் காலியாக விட்டு, நான்கு பக்கத்தையும் இணைத்துத் தபாலில் போட்டேன்.

சில கிழமை கழித்து ஒரு காலை லைசென்ஸ் கந்தோரிலிருந்து போன் வந்தது. மனைவி எடுத்தாள். பிரெஞ்சில் ஒரு பெண் குரல். மனைவி கதிரையை இழுத்துப் போட்டு இருந்துகொண்டு கதைத்தாள். நான் பக்கத்தில் நின்றேன். ஒன்றும் விளங்கவில்லை. திடீரென்று ஒரு சொல் வந்தது. "ஃப்ரிகோ."

டெப்பனர் நடத்தியவனுக்கு அந்தச் சொல் தெரியும். பிரிட்ஜ்.

போனில் அந்தப் பெண் இருமினாள். சிரிப்பை மறைக்கிற இருமலை நான் அறியாதவனா? மனைவி போனை என்னிடம் நீட்டினாள்.

"உங்களோட கதைக்கவேணுமாம். இங்கிலிஷில."

அதிகாரி மரியாதையாகக் கேட்டாள். ஐயா, அறிக்கையில் எழுதியிருக்கிறீர்கள், இப்போதும் உங்கள் உயிருக்கு ஆபத்து இருக்கிறதா?

இதே கேள்வியை முப்பத்தைந்து வருடத்துக்கு முன் ஒரு மேசைக்கு அந்தப் பக்கமிருந்து என்னிடம் கேட்டார்கள். ஓம் என்றேன், இந்த நாட்டைத் தந்தார்கள். நாக்கு அதை மறக்கவில்லை.

"யெஸ்," என்றேன். "பிக் டேஞ்சர்."

"யாரால், ஐயா?"

நான் மனைவியைப் பார்த்தேன். அவள் வெங்காயம் அரிந்துகொண்டிருந்தாள்.

அதன் பிறகு ஒரு கடிதம் வந்தது. இன்னும் விசாரிக்க வேண்டுமாம், ஆபத்து என்றால் பொலிசிடம் போகலாமாம், துவக்கு அதற்கு வழி இல்லையாம். தாடிக்காரன் விரலை உயர்த்திச் சொன்னதையே அரசாங்கம் முத்திரை ஒட்டிச் சொன்னது. அவர்கள் விசாரித்து முடிக்க முன்னமே விற்பனையை நிறுத்திவிட்டார்கள். நான் விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டேன். ஒரு நாடு முழுவதையும் வாங்கித் தந்த அதே வரியால் ஒரு ரிவோல்வர் வாங்க முடியவில்லை. கேஸ் அண்ணையிடம் சொன்னபோது, "இப்பத்தைய ஒபிசர்மாருக்கு அனுபவம் காணாது" என்றார்.

அடுத்த விருந்து ஒரு சாமத்தியவீடு. நான் கதிரையில் இருக்க முன்னமே பஸ் சாரதி தொடங்கினார்.

"எங்கை அண்ணை சாமான்?"

"எனக்குக் குடுக்கப் பயந்துதான் அரசாங்கம் நாடு முழுக்க நிப்பாட்டினது."

எல்லோரும் சிரித்தார்கள். தப்பினேன் என்று நினைத்தேன்.

"சரி, அந்தக் கள்ளன் கதையையாவது சொல்லுங்கோ. இவர் கேக்கேல்லையாம்," என்று புதிதாக வந்த ஒருவரைக் காட்டினார்.

நான் தொண்டையைச் செருமினேன். மேசைக்கு அந்தப் பக்கம் மனைவி மீன் ரோல்ஸைக் கடித்துக்கொண்டே சொன்னாள். "என்னப்பா, கதைக்கு முதல் அங்காலை பெரிய பிரிட்ஜில சோடா இருக்கு, எடுத்துக்கொண்டு வாங்கோ. உங்களுக்குத்தான் அந்த இடம் பழக்கம்."

ஒருவருக்கும் விளங்கவில்லை. நான் எழுந்து போனேன். மண்டபத்துச் சமையலறையிலும் ஆள் நிற்கிற பிரிட்ஜ்தான். உள்ளே போய்ச் சோடாப் போத்தல்களுக்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்றேன். குளிர் அதே குளிர்.

திரும்பி வந்து போத்தல்களை வைத்துவிட்டுச் சொன்னேன். "தை மாதம், பின்னேரம் மூண்டு மணி. கவுண்டரில இவ நிக்கிறா."

மனைவி ரோல்ஸைத் தட்டில் வைத்தாள்.

பையைக் கேட்ட இடம் வந்தபோது மேசையே குலுங்கியது. என்னுடைய முப்பது வருடக் கதையில் ஒரு நாளும் அப்படிச் சிரித்ததில்லை. பஸ் சாரதி எழுந்து நின்று மனைவியைக் கும்பிட்டார். அதன் பிறகு எல்லா விருந்திலும் அந்தக் கதையைத்தான் கேட்கிறார்கள், நானும் அதைத்தான் சொல்கிறேன். அவளைவிட நான்தான் நன்றாகச் சொல்வேன், அதில் மட்டும் சந்தேகம் வேண்டாம்.

இதுவரைக்கும் ஒருவர்கூட, அந்த நேரம் நீங்கள் எங்கே நின்றீர்கள் என்று கேட்கவில்லை. பெரிய ஆள், பெரிய அலுவலாக எங்கேயோ போயிருப்பார் என்று நினைக்கிறார்கள் போல. கேட்டால் சொல்லத் தயாராகத்தான் இருக்கிறேன். கேட்காததைக் கொடுக்கிற பழக்கத்தைத்தான் விட்டுவிட்டேன்.