மீன் நிற்கும் இடம்

என் சித்தி எந்தத் தண்ணீரின் பக்கம் போனாலும் முதலில் பார்ப்பது, அதிலிருந்து எந்த வழியாக வெளியே வரலாம் என்பதைத்தான். மீன் அதற்குப் பிறகுதான். அவளுக்கு நீச்சல் தெரியாது. குளியலறையில் வாளி நிரம்பி வழியும் சத்தம் கேட்டால்கூட நெஞ்சு திக்கென்று இருக்கும் என்பாள். அப்படிப்பட்டவள் விடுமுறை நாள் தவறாமல் சித்தப்பாவின் வண்டியில் பின்னால் உட்கார்ந்து, தூண்டில்களை மடியில் கிடத்திக்கொண்டு, ஆறு ஏரி வாய்க்கால் என்று போவாள். ஏன் என்று கேட்டால் பதில் தயாராக இருக்கும்.

"அந்த மனுஷனைத் தனியா அனுப்பிட்டு வீட்டுல உட்கார்ந்து பயப்படுறதுக்கு, கூடப் போயே பயந்துக்கலாம்."

கடைத்தெருவில் மாடிப்படிக்கு அடியில், ஒரு தையல் மெஷின் மட்டும் கொள்ளும் இடத்தில் சித்தி வேலை செய்கிறாள். பேன்ட் நீளம் குறைப்பது, ஜிப் மாற்றுவது, கிழிந்ததை ஒட்டுப்போடுவது. சித்தப்பா பள்ளி வேன் ஓட்டுகிறார். வாரம் முழுக்கப் பிள்ளைகளின் கூச்சலில் இருப்பவருக்கு ஒரு நாளாவது வாய் பேசாத பிராணியோடு இருக்க வேண்டுமாம். தூண்டில் போடுவது அவர், இடம் சொல்வது அவள். பயத்தில் உற்றுப் பார்த்துப் பார்த்தே தண்ணீர் அவளுக்குப் பிடிபட்டிருந்தது.

ஏரி என்றால், காற்று எந்தக் கரையைப் பார்த்து அடிக்கிறதோ அந்தக் கரைக்குப் போகச் சொல்வாள். பூச்சியும் தூசியும் அங்கே ஒதுங்கும், மீனும் பின்னாலேயே வரும். நாணல் சட்டென்று நின்றுபோகிற இடத்தைக் காட்டி, "அங்கதான் ஆழம் ஆரம்பிக்குது. ஆள் மூழ்கிப் போறதும் அங்கதான், மீன் இருக்கிறதும் அங்கதான்" என்பாள். வாய்க்காலில் பாலத்து நிழல். ஆறு கடலோடு சேரும் இடத்தில், கடல் தண்ணீர் உள்ளே திரும்பும் நேரத்தில் மட்டும். மற்ற நேரத்தில் வண்டியை விட்டே இறங்கமாட்டாள். ஆற்றில், பாறைக்குப் பின்னால் வேகமான தண்ணீரும் மெதுவான தண்ணீரும் ஒட்டிக்கொள்ளும் கோடு.

"தையல் மாதிரி தெரியுது பாரு. மீனு மெதுவான பக்கம் நின்னுக்கிட்டு, வேகத்துல வர்ற இரையை லபக்குன்னு பிடிக்கும். அதுக்கும் அடிச்சிட்டுப் போயிடுமோன்னு பயம்தான்."

சித்தப்பா அவளைப் 'பயந்தாங்கொள்ளி' என்றுதான் கூப்பிடுவார். மீன் நிறைய கிடைத்தால் அன்றைக்கு 'பயந்தாங்கொள்ளி மேடம்'.

அணைக்குக் கீழே மட்டும் போகக்கூடாது என்று சித்தி சட்டம் வைத்திருந்தாள். ஆனால் அந்தக் கோடையில் ஏரி பாசி பிடித்துப் போனது. வேன் மெக்கானிக் வேறு, அணைக்குக் கீழே பிடித்த மீனைக் குழந்தையைப் போல இரண்டு கையிலும் ஏந்தி எடுத்த போட்டோவைக் காட்டிவிட்டார். சித்தப்பா நச்சரித்து நச்சரித்து, கரையில் நின்றுதான் போட வேண்டும் என்ற நிபந்தனையோடு சம்மதம் வாங்கினார். அன்று நானும் கூடப் போனேன்.

ஷட்டர்களைத் தாண்டி மேலே ஏற முடியாமல் மீன்கள் அங்கே கூடிக் கிடக்கும். ஆறு முழுக்கப் பாறை. இடையிடையே கணுக்கால் அளவுத் தண்ணீர். சித்தி வழக்கம்போலக் கரையோரம் மேலும் கீழும் நடந்து பார்த்துவிட்டு, தண்ணீர் விளிம்பில் காய்ந்து கிடந்த ஒரு வெள்ளைக் கல்லின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

கரையில் ஒன்றும் கடிக்கவில்லை. சித்தப்பா ஒரு பாறைக்குத் தாவினார். "இது கரை மாதிரிதான்" என்றார். பிறகு அடுத்த பாறை. அதுவும் கரை மாதிரிதான். கடைசியில் நடு ஆற்றில் ஒரு தட்டைப் பாறையில் போய் நின்றார்.

திடீரென்று மீன் கடிக்க ஆரம்பித்தது. முள்ளைக் கழற்றிப் போடுவதற்குள் அடுத்தது. சித்தப்பா சின்னப் பையன் மாதிரி கத்தினார். நான் கைதட்டினேன். சித்தி எழுந்து நின்றுவிட்டாள். வெள்ளைக் கல் நனைந்திருந்தது.

"ஏங்க, வந்துடுங்க. தண்ணி ஏறுது."

"ஷட்டர் திறந்தா சங்கு ஊதுவாங்கடி. இப்பதான் ஆட்டமே சூடு பிடிக்குது!"

"சங்கு கிடக்கட்டும். சருகு மிதக்குது பாருங்க. கரையில காய்ஞ்சு கிடந்த சருகு."

"சருகைப் பார்த்துமா பயம்? இரு, இதோ இன்னொண்ணு..."

"ஓரத்துப் புழு பூச்சியெல்லாம் தண்ணி அள்ளிட்டு வருதுங்க. அதான் இப்படிக் கடிக்குது!"

சங்கு ஊதியதா என்று இன்றுவரை எங்களுக்குத் தெரியாது. ஆற்றின் சத்தம் மாறியது மட்டும் கேட்டது. அவர் தாவிப் போன இடைவெளிகள் பழுப்பு நிறமாகி அகன்றன. வெள்ளைக் கல்லைக் காணோம். தட்டைப் பாறையின் மேல் தண்ணீர் வழிந்தது. சித்தப்பா தூண்டிலைக் கைவிட்டுவிட்டு எங்களை நோக்கிக் காலை எடுத்தார்.

"நேரா வராதீங்க!" சித்தியிடமிருந்து அப்படி ஒரு குரலை நான் கேட்டதே இல்லை. "மீனு நிக்கிற இடத்துல நில்லுங்க! பெரிய பாறைக்குப் பின்னாடி!"

அவர் விழித்தார். பிறகு புரிந்து, கீழ்ப்பக்கமாகச் சறுக்கிப் பெரிய பாறையின் பின்பக்கம் ஒட்டிக்கொண்டார். இரண்டு பக்கமும் ஆறு சீறிக்கொண்டு போக, அங்கே மட்டும் நுரை சும்மா சுற்றிக்கொண்டிருந்தது. சித்தி கரையோடு ஓடினாள். உதடு கோணியிருந்தது. ஆனாலும் விரல் சரியான இடத்தைக் காட்டியது.

"அடுத்து அந்தக் கறுப்புப் பாறை. தையலைத் தாண்டி ஒரே எட்டு!"

"எட்டாதுடி!"

"எட்டலைன்னா கீழ இன்னொரு பாறை இருக்கு. வந்ததுமே பார்த்து வச்சிட்டேன். வாங்க!"

எட்டவில்லை. தண்ணீர் அவரைப் புரட்டியது. தலை மறைந்தது. அவள் சொன்ன அந்த இன்னொரு பாறையின் மேல் முதலில் ஒரு கை வந்தது, பிறகு முகம்.

அங்கிருந்து கரைக்குக் கொஞ்ச தூரம்தான், ஆனால் வேகம். சித்தி மீன் அள்ளும் வலையின் நீளக் கம்பை எடுத்தாள். ஒரு கையால் கரைமரத்தின் வேரைப் பிடித்துக்கொண்டு, வாளித் தண்ணீருக்குப் பயப்படுகிறவள் ஆற்றில் இறங்கினாள். நான் அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டேன். அவள் உடம்பு முழுக்க நடுங்கியதில் என் பற்கள் அடித்துக்கொண்டன. கம்பு கனத்தது. இழுத்தோம்.

கரையில் விழுந்த மனிதரை அவள் இரண்டு கையாலும் முதுகில் மொத்தினாள். "கரை மாதிரியா? இது கரை மாதிரியா?" பிறகு உட்கார்ந்தாள்.

தண்ணீர் முழங்கால் வரைதான் வந்தது என்று சித்தப்பா இப்போது எல்லோரிடமும் சொல்கிறார். சித்தி கழுத்துவரை என்கிறாள். அந்தத் தலை மறைந்ததை நான் பார்த்தேன். நான் வாயைத் திறப்பதில்லை.

மறுபடியும் மீன் பிடிக்கப் போகிறார்கள். ஏரிக்கு மட்டும். போன வாரம் மெக்கானிக்கும் வந்திருந்தார். அடுத்தடுத்து மூன்று மீன் கடித்தது. சித்தப்பா சட்டென்று தூண்டிலைச் சுருட்டிக்கொண்டு பின்னால் நகர்ந்தார்.

"என்னண்ணே, மீன் கடிச்சதுக்கு எழுந்து ஓடுற ஆளை இப்பதான் பார்க்குறேன்!"

சித்தப்பா கரையோரம் குனிந்து சருகைப் பார்த்துக்கொண்டிருந்தார். சித்தியும்தான்.