க்ளெமென்ஸ் குரல் கொடுத்த சப்பரம்

என் தம்பி க்ளெமென்ஸ் மர ஆலையில் வேலை பார்த்தான். அவனுடைய இடது தோள் வலதைவிட ஒன்றரை விரல் தாழ்ந்திருக்கும். நானே அளந்து பார்த்திருக்கிறேன்.

மூவொரு இறைவன் திருநாளுக்கு வட போலந்தில் உள்ள எங்கள் ஊரிலிருந்து வெய்ஹெரோவோ மலைக் கோவிலுக்கு ஆண்டுதோறும் நடந்து போவோம். மாதா படம் வைத்த சப்பரத்தை நாலு பேர் தூக்குவார்கள். எதிரே வேறு ஊர்ச் சப்பரம் வந்தால் இரண்டும் ஒன்றையொன்று குனிந்து வணங்க வேண்டும். முன்னால் இருப்பவர்கள் முழங்காலை மடக்க, படம் தரையை முத்தமிடப் போவதுபோல் இறங்கும். இடமும் வலமும் சாய்ந்து சிலுவை போடும். பிறகு ஒரு வட்டம் சுற்றி நிமிரும். பின்னால் இருப்பவர்களுக்குப் படம் மறைப்பதால் ஒன்றும் தெரியாது. முன்வரிசை ஆள் ஒருவர் கொடுக்கும் குரல்தான் அவர்களுக்குக் கண். குரல் ஒரு மூச்சு பிந்தினால் படம் விழும். ஏரிக்கு அந்தப் பக்கத்து ஊர்க்காரர்கள் ஒருமுறை அப்படி விழவிட்டுப் படத்தின் கண்ணாடியை உடைத்தார்கள். அன்றிலிருந்து அவர்களுக்குப் பெயர் 'கண்ணாடிக் கடை'.

எழுபத்தொன்றாம் ஆண்டு, அதுவரை குரல் கொடுத்துவந்த குஸ்த் மாமாவுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது.

"க்ளெமென்ஸ் கொடுக்கட்டும். ஆலையில கட்டை இறக்குறப்ப அவன் குரலுக்குத்தானே நாலு பேரும் அசையிறாங்க?" என்றார்.

"மாமா, அது கட்டை. இது மாதா" என்றான் தம்பி.

அவன் பயத்துக்குக் காரணம் இருந்தது. வீட்டிலும் ஆலையிலும் நாங்கள் பேசுவது கசூபிய மொழி. கோவிலில் எல்லாம் போலிஷ். சப்பரத்துக்கான குரலும் போலிஷ்தான். யாரும் சட்டம் போடவில்லை. எங்கள் பேச்சு அடுப்படிக்கும் மாட்டுக்கும் போதும் என்று நாங்களே நினைத்திருந்தோம். தம்பிக்கோ போலிஷ் பேசினால் திக்கும். ஏழு வயதில், வகுப்பில் வீட்டுப் பேச்சில் பதில் சொன்னதற்காக வாத்தியார் அவனை மதியம்வரை சுவரைப் பார்த்து நிற்க வைத்தார். அன்றைக்குப் பிடித்த திக்கல். கசூபிய மொழியில் அவனுக்கு ஒரு எழுத்தும் திக்காது.

மூன்று வாரம் சமையலறையில் அவனுக்குப் போலிஷ் குரல்களைச் சொல்லிக்கொடுத்தேன். தாழ்ந்த தோளுக்கு ஒன்றரை விரல் கனத்தில் கம்பளிப் பட்டையும் தைத்தேன்.

பின்னால் தூக்கும் லூத்விக் ஒத்திகையில் சும்மா இருக்கவில்லை. "டேய், நீ 'கீழே'ன்னு சொல்லி முடிக்கிறதுக்குள்ள மாதாவே இறங்கி நடந்து போயிருவாங்கடா!"

"உன்னைத் தூக்கிட்டு வரச் சொன்னாத்தான் அவங்களுக்குக் கஷ்டம்" என்றான் தம்பி, கசூபிய மொழியில், பட்டென்று.

திருநாளன்று மலையடிவாரத்தில் எங்களுக்கு எதிரே வந்தது கண்ணாடிக் கடையின் சப்பரமேதான். அவர்கள் அழகாகக் குனிந்து நிமிர்ந்தார்கள். அடுத்து எங்கள் முறை.

தம்பி வாயைத் திறந்தான். தாடை அப்படியே நின்றது. முன்னால் இருந்த மற்றவனுக்கு முழங்கால் பாதி மடங்கிவிட்டது. பின்னால் லூத்விக் விறைத்து நின்றான். படம் முன்பக்கம் சரிய ஆரம்பித்தது. எதிரே யாரோ களுக்கென்று சிரித்தார்கள். நான் தலைத்துணியின் நுனியைக் கையில் சுருட்டிக்கொண்டேன்.

"கீழ, பசங்களா! மெல்ல... மெல்ல... என் பக்கம் சாய்ங்க... இப்ப அந்தப் பக்கம்... அப்படியே சுத்து... எந்திரி!"

ஆலையில் கட்டை இறக்கும் அதே குரல், அதே கசூபிய மொழி. நாலு பேரும் ஒரே உடம்பாக அசைந்தார்கள். படம் புல்நுனி உயரத்துக்கு இறங்கி, சிலுவை போட்டு, சுற்றி எழுந்தது.

சப்பரத்தை இறக்கி வைத்ததும் நான் கண்ணாடியின் நாலு மூலையையும் விரலால் தடவிப் பார்த்தேன். கீறல் இல்லை.

குஸ்த் மாமா கோலை ஊன்றி வந்து, கொம்பு டப்பியைத் திறந்து தம்பியிடம் நீட்டினார். எங்களிடையே மூக்குப்பொடியைச் சமமான ஆளுக்குத்தான் அப்படி நீட்டுவார்கள்.

தம்பி எடுக்கவில்லை. "மாமா, போலிஷ்ல வரவே இல்ல. மாதா கோச்சுக்குவாங்களா?"

"குனிஞ்சாங்கல்ல?" என்றார் மாமா. "புரியாமலா குனிஞ்சாங்க? எடுறா."

எடுத்தான். மூன்று முறை தும்மினான். அதன்பிறகு பத்தொன்பது வருஷம் எங்கள் மாதா அவன் குரலுக்குத்தான் குனிந்தாள். தோளுக்கான கம்பளிப் பட்டையை நான் ஆறு முறை புதிதாகத் தைத்தேன்.