போட்டுப் பார்க்கும் அறையின் இன்னொரு கதவு

எங்கள் அண்ணிக்கு வாய் சும்மா இருக்காது. கை அதைவிடச் சும்மா இருக்காது. பழைய துணியைப் பிரித்துத் தைப்பது, நீளம் குறைப்பது, இடுப்பை இறுக்குவது என்று பிழைக்கிற சின்னக் கடை அவருடையது. நான் அவருக்கு நாத்தனார். அதே கடையில் பொத்தான் தைக்கிறேன். நாத்தனார் அண்ணியைப் புகழ்ந்து எழுதுவதா என்று யாரும் மூக்கில் விரலை வைக்க வேண்டாம். முழுக்கப் படித்துவிட்டு வைக்கலாம்.

என் அண்ணனுக்கு உயரமான கட்டடங்களில் கயிற்றில் தொங்கியபடி கண்ணாடி துடைக்கிற வேலை. பக்கத்துக் கயிற்றில் இருந்த கூட்டாளி அவன் கண்ணெதிரே விழுந்து செத்துப்போனார். அன்றைக்கு வீட்டுக்கு வந்து சுவரைப் பார்த்துப் படுத்தவன்தான், ஏழு மாதம் எழுந்திருக்கவில்லை. சாப்பாடு வைத்தால் சாப்பிடுவான். பேசினால் "ம்" என்பான். மனநல டாக்டரைப் பார்க்க இரண்டு பஸ் மாறிப் போக வேண்டும். எங்களால் அவனை வாசல்படி தாண்ட வைக்கவே முடியவில்லை. அவன் இப்படியே போய்விடுவானோ என்று நான் பயந்தேன், நிஜமாகவே பயந்தேன்.

அந்த நேரத்தில்தான் எங்கள் கடையை ஒட்டிய காலி அறையில் இலவச மனநல ஆலோசனை மையம் திறந்தார்கள். நல்ல காரியம்தான். ஆனால் செய்த விதத்தைப் பாருங்கள். பஸ் நிறுத்தத்திலிருந்தே படிக்கிற அளவுக்கு ஒரு பெயர்ப்பலகை. அதற்கு நேர் கீழே, தெருவைப் பார்த்தபடி, காத்திருப்பவர்களுக்கு ஒரு பெஞ்சு. எங்கள் தெருவில் இந்த முனையில் தும்மினால் அந்த முனையில் மாத்திரை சொல்வார்கள். அந்த பெஞ்சில் போய் யார் உட்காருவார்கள்? மூன்று வாரம் ஈ, காக்கா எட்டிப் பார்க்கவில்லை. ஆறு மாதத்துக்குள் நாற்பது பேராவது வராவிட்டால் இழுத்து மூடிவிடுவார்கள் என்று ஆலோசகரம்மாவே அண்ணியிடம் சொல்லி வருத்தப்பட்டார்.

அண்ணி யோசித்தார். அந்த அறையும் எங்கள் கடையும் ஒரு காலத்தில் ஒரே கடை. நடுவில் இருந்த கதவு, நாங்கள் துணி போட்டுப் பார்க்க ஒதுக்கிய அறைக்குள், கண்ணாடிக்குப் பின்னால் ஆணி அடித்துக் கிடந்தது. கட்டடச் சொந்தக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு, கண்ணாடியைப் பக்கத்துச் சுவருக்கு மாற்றி, ஆணிகளைப் பிடுங்கினார். பிறகு நம்பிக்கையான வாடிக்கையாளர்களிடம் மட்டும் சொன்னார்.

"ஏதாவது துணி கொண்டாங்க. உள்ள போய் போட்டுப் பாருங்க. அங்க இன்னொரு கதவு இருக்கு. நான் எதையும் பாக்கல."

வந்தவர்கள் பேர் எழுதப் பயந்தார்கள். அண்ணி பேசியதால், நோட்டில் பேருக்குப் பதில் நம்பர் போட ஆலோசகரம்மா சம்மதித்தார்.

அதன் பிறகு கடையில் நடந்த கூத்தைச் சொல்லி மாளாது. பத்து நிமிஷம் உள்ளே போகவேண்டியவர்கள் முக்கால் மணி நேரம் கழித்து, கண் சிவந்து, முகம் தெளிந்து வெளியே வந்தார்கள்.

"ஒரு சட்டையப் போட்டுப் பாக்க இவ்வளவு நேரமா?" என்று காத்திருந்த ஒரு அம்மா முறைத்தார்.

"எது முன்பக்கம்னு யோசிக்கிறாரு போல" என்றார் அண்ணி, ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அண்ணிக்கு ஒரு பிடிவாதம். கொண்டுவந்த துணியில் வேலை செய்யாமல் திருப்பித் தரமாட்டார். செய்யாவிட்டால் பார்க்கிறவர்களுக்குச் சந்தேகம் வருமாம். காய்கறிக்காரருக்கு இருந்ததே ஒரு நல்ல பேண்ட். வாராவாரம் அதையே நீளம் குறைக்கக் கொடுத்தார். ஐந்தாவது வாரம் அது முழங்காலுக்கு மேலே ஏறிவிட்டது. மனிதர் அதையே போட்டுக்கொண்டு, மகள் இறந்த பிறகு முதல் தடவையாகக் கூவிக் காய் விற்றார்.

அண்ணனிடம் அண்ணி எந்த உபதேசமும் செய்யவில்லை. ஒருநாள் டேப்பை எடுத்து, படுத்திருந்தவனின் இடுப்பை அளந்தார்.

"நாலு இன்ச் குறைஞ்சிருக்கு. பேண்ட்ட இறுக்கி வைக்கிறேன். கடைக்கு வந்து போட்டுப் பாருங்க."

ஒன்பது நாள் கழித்து வந்தான். திரைச்சீலைக்குப் பின்னால் போனவன் அந்தக் கதவைப் பார்த்து நின்றது கீழே தெரிந்த காலிலிருந்தே புரிந்தது.

"அந்தப் பக்கம் ஒருத்தங்க இருக்காங்க" என்றார் அண்ணி. "போறதும் போகாததும் உங்க இஷ்டம்."

கால்கள் ரொம்ப நேரம் அசையவில்லை. பிறகு காணாமல் போயின. நான் ஒரே சட்டையில் ஏழு பொத்தானைத் தப்புத் தப்பாகத் தைத்தேன்.

ஆறு வாரத்தில் அவன் தானாக முகச்சவரம் செய்துகொண்டான். பழைய மேஸ்திரியிடம் போய்த் தரையில் நின்று செய்கிற வேலை இருக்கிறதா என்று கேட்டான். இன்னும் தூக்கம் சரியில்லை, இன்னும் பேச நிறைய இருந்தது. அந்த நேரம் பார்த்து ஆறு மாதக் கெடு முடிந்து, மையத்தைச் சோதிக்க அதிகாரி வந்து நின்றார்.

வெளிப்பெஞ்சில் தூசி. நோட்டில் வெறும் நம்பர்.

"நம்பர யார் வேணாலும் எழுதலாம்மா" என்றார் அவர். "ஆறு மாசத்துல இந்த பெஞ்சுல யாராவது உக்காந்தாங்களா? மூடிட்டு வேற தெருவுக்கு மாத்திடலாம்."

ஆலோசகரம்மாவால் யாரையும் காட்டிக் கொடுக்க முடியாது. கடையில் துணி மூட்டையோடு ஏழெட்டுப் பேர் நின்றார்கள். எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். அண்ணியின் மெஷின் நின்றுவிட்டது.

திரைச்சீலை விலகியது. அண்ணன் தெருவுக்கு இறங்கி, பஸ் நிறுத்தமே பார்க்க, அதிகாரியின் முன்னால் நின்றான்.

"இருபத்தாறாம் நம்பர் நான்தான் சார். ஏழு மாசம் எழுந்திரிக்காமக் கெடந்தேன். இத மூடினா மறுபடி படுத்துடுவேன். பேர் எழுதிக்குங்க."

பிறகு காய்கறிக்காரர் அந்த அரைப் பேண்ட்டோடு இறங்கினார்.

"ஒன்பது நானு."

முறைத்துக்கொண்டிருந்த அந்த அம்மாவும் மெல்ல முன்னால் வந்து, "நாப்பத்தி ரெண்டு" என்றார். அவரும் வந்துகொண்டிருந்தார் என்பது எனக்கே அப்போதுதான் தெரியும். பஸ்ஸுக்கு நின்றவர்களில் இரண்டு பேர் சாலையைக் கடந்து வந்தார்கள். அதிகாரிக்கு எழுதக் கை போதவில்லை. இந்தத் தெருவில் பிறந்ததற்காக அன்றைக்குப் பெருமைப்பட்டேன்.

அவர் நோட்டைத் திருப்பினார். "எல்லாத்துக்கும் முதல் நம்பர் ஒண்ணு இருக்கே. மத்தவங்க வர்றதுக்கு ரெண்டு வாரம் முன்னாடி. அது யாரு?"

"நான்தாங்க" என்றார் அண்ணி.

மையம் திறந்ததிலிருந்து செவ்வாய்க்கிழமைதோறும் என்னை டவுன் வரைக்கும் நூல் வாங்க அனுப்பியது ஏன் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. அண்ணன் அவர் பக்கம் திரும்பினான்.

"எங்கிட்ட சொல்லவே இல்லையே?"

"ரெண்டு பேர்ல ஒருத்தராவது நிக்கணும்ல" என்றார் அண்ணி. "நிக்கிறதுக்குத் தெம்பு வேணும்ல. அதான் முதல்ல நான் போனேன்."

அண்ணன் அத்தனை பேருக்கு நடுவில் அவர் கையைப் பிடித்துக்கொண்டான். "இனிமே மாத்தி மாத்தி நிக்கலாம்" என்றான்.

அதிகாரி நோட்டை மூடி ஆலோசகரம்மாவிடம் கொடுத்தார். பிறகு, மையம் இதே இடத்தில் தொடரும் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.