லூர்து மேரி சொன்னதும் நான் சொன்னதும்

லூர்து மேரி சொன்னதை நான் மாற்றிச் சொன்னேன். காதில் விழாமல் அல்ல, புரியாமல் அல்ல... தெரிந்தே மாற்றினேன்.

நீங்கள் அவளை அறிய மாட்டீர்கள். எண்ணூர்க் கடலோரக் குப்பம் ஒன்றில் நண்டு விற்பவள். கணவன் சேவியருக்குச் சொந்தமாக ஒரு ஃபைபர் படகு இருந்தது. என்னையும் அறிய மாட்டீர்கள். மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் நான் மொழிபெயர்ப்பாளர். பிறந்தது ராயபுரம். அப்பா துறைமுகத்தில் கிரேன் ஓட்டினார். கல்லூரி முடிக்கும்வரை நானும் ‘இன்னா’, ‘கீது’ என்றுதான் பேசினேன். பிறகு அந்தப் பேச்சை நாக்கிலிருந்து தேய்த்துக் கழுவினேன். அலுவலகத்தில் ஒருவருக்கும் என் ஊர் தெரியாது. தெரியவிடவில்லை!

சென்ற ஆண்டு, மூன்று வாரம் எண்ணூர்க் கடலுக்கு மேல் ஓர் ஒளி வந்தது. சாயங்காலம், வானம் இன்னும் வெளுத்திருக்கும்போதே. சத்தம் கிடையாது. நேராக இறங்கும், தண்ணீருக்குச் சற்று மேலே நிற்கும், அணைந்துவிடும். முதலில் படகுக்காரர்கள் பார்த்தார்கள். பிறகு யாரோ படம்பிடித்துப் போட, நகரமே கிளம்பி வந்தது. விம்கோ நகரில் மெட்ரோவை விட்டு இறங்கிய கூட்டம் ஷேர் ஆட்டோவுக்கு அடித்துக்கொண்டது. கடற்கரையில் சுண்டல், பஞ்சு மிட்டாய், தொலைக்காட்சி வண்டிகள்...

கேலியும் வந்தது. “மேலேர்ந்து ஒண்ணு எறங்கிச்சுபா!” என்று ஒரு பெரியவர் பேட்டியில் சொன்னதை வெட்டி, குத்துப்பாட்டுத் தாளத்தோடு சேர்த்து ஊரே ஆடியது. அவருடைய பயத்தை அல்ல, அவருடைய பேச்சைப் பார்த்துத்தான் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அலுவலக வாட்ஸ்அப் குழுவில் அதைப் பகிர்ந்தவளும் நானே.

அரசு விசாரணைக்கு உத்தரவிட்டது. டெல்லியிலிருந்து மூன்று அதிகாரிகள், கூடவே பெட்டி பெட்டியாகக் கருவிகள். விசாரணை முடியும்வரை அந்த இடத்துக்குப் படகுகள் போகக் கூடாது என்று தடை போட்டார்கள். அதிகாரிகளில் யாருக்கும் தமிழ் தெரியாது. என்னை அனுப்பினார்கள்.

மாதா கோயிலை ஒட்டிய சமுதாயக்கூடத்தில் காலை பத்து மணிக்கு உட்கார்ந்தோம். முதல் சாட்சி, ஒளி இறங்கிய விதத்தைக் கையை வீசி நடித்துக் காட்டினார். இளைய அதிகாரி உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினார். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது... அந்த அதிகாரி மீதா கோபம்? இல்லை. என் ஜனங்களை நினைத்து எனக்குக் கூச்சம்! அவர்களைப் பார்த்துச் சிரிப்பவர், இன்னும் கொஞ்ச நேரத்தில் என்னையும் கண்டுபிடித்துவிடுவார் என்ற பயம்!

பிறகு லூர்து மேரி வந்தாள். கரையில் கொட்டிய பாறைகளின் மேல் நண்டு பிடித்துக்கொண்டிருந்தபோது பார்த்தாளாம்.

“லைட்ட வுடும்மா, அத்த எல்லாரும் பாத்தாங்க. அது எறங்குன எடத்துல தண்ணி கீய பூட்ச்சு. கெணறு மாதிரி. சுத்தி தண்ணி அப்டியே நிக்குது, நடுவுல மட்டும் பள்ளம். எங்க வூட்டுக்காரோட போட்டு அதுக்குள்ள சாஞ்சிகினே போச்சு. லைட்டு அணைஞ்சப்பறந்தான் வுட்ச்சு. அந்த எடத்துக்கு மட்டும் எப்பவுமே யாரையும் வுடாதீங்கன்னு சொல்லும்மா.”

சொல்லிவிட்டு என் முகத்தையே பார்த்தாள்.

“நீ எந்த ஏரியாம்மா? பாத்தா நம்ம பக்கத்து பொண்ணு மாதிரி கீறே.”

“மயிலாப்பூர்” என்றேன்.

அதிகாரிகள் பக்கம் திரும்பி, நல்ல ஆங்கிலத்தில் சொன்னேன்: கடலின் மேல் தொலைவில் ஓர் ஒளியைப் பார்த்திருக்கிறார். கொஞ்சம் பயந்துபோயிருக்கிறார்.

அவ்வளவுதான். கிணறு இல்லை. சாய்ந்த படகு இல்லை. யாரையும் விடாதீர்கள் என்ற மன்றாட்டும் இல்லை! இன்னொரு முறை அந்தச் சிரிப்பைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை... அதனால் அவள் வாயிலிருந்து வந்ததை என் வாயிலேயே விழுங்கிவிட்டேன்.

“இவ்வளவு நேரம் பேசினாரே, இவ்வளவுதானா?” என்று மூத்த அதிகாரி கேட்டார்.

“இவர்கள் சுற்றிவளைத்துத்தான் பேசுவார்கள்” என்றேன்.

இவர்கள்! அந்தச் சொல் எப்படி வந்தது என் நாவில்?

அறிக்கை வந்தது. துறைமுகத்துக்கு வெளியே காத்து நின்ற கப்பல்களின் விளக்குகள், ஆலைப் புகைபோக்கிகளின் தீ, அவை மேகத்தில் பட்டு எதிரொளிப்பதுதான் அந்த ஒளியாம். பயப்பட எதுவுமில்லை. தடையை நீக்கினார்கள். சுண்டல்காரர்கள் போனார்கள். ஒரு பெண்ணின் நாலு வரியாலா இதெல்லாம் தீர்மானமாகியிருக்கும், கருவிகள் இருந்தனவே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நீங்களும் அப்படித்தானே சொல்லிக்கொண்டிருப்பீர்கள்?

இரண்டு வாரம் கழித்து அவள் அழைத்தாள். சாட்சிகளுக்கெல்லாம் என் எண்ணைக் கொடுத்திருந்தோம்.

“அம்மா, நா லூர்து மேரி பேசறேன். எங்க வூட்டுக்காரு போட்டு கெட்ச்சுது. அவுருதான் கெடைக்கல.”

சேவியர் அந்த இடத்துக்குப் போன அன்று கடலில் அலையே இல்லையாம். பட்டப்பகல். படகு கவிழவில்லை. வலை மடித்தபடி இருந்தது. மதியச் சோறு திறக்காமல் இருந்தது. ஆள் மட்டும் இல்லை.

“நா சொன்னத அவங்களாண்ட சொன்னியாம்மா?”

இதோ, இங்கேயாவது நான் நின்றிருக்கலாம்...

“சொன்னேன்” என்றேன்.

“நானும் அப்டித்தாம்மா நெனச்சேன். நா சொன்னத மிசினு வச்சி பாத்துட்டுத்தான் ஒண்ணுமில்லன்னு எயுதிகிறாங்கன்னு நெனச்சேன். அவுரு பயந்துகினுதான் இருந்தாரு. போக மாட்டேன்னாரு. நாந்தான், கவர்மெண்டே சொல்ட்ச்சு, போய்யான்னு அனுப்ச்சேன்.”

அவள் அழவில்லை. அழுதிருந்தால் நான் தாங்கியிருப்பேனோ என்னவோ.

சேவியர் காணாமல் போனதும் அதே அதிகாரிகள் மறுபடி வந்தார்கள். என்னையே கேட்டார்கள். மறுத்திருக்கலாம். இந்த முறை சரியாகச் சொல்லிவிடுவோம், பாதிப் பாவமாவது தீரும் என்று போனேன். அதே கூடம், அதே மேசை. லூர்து மேரி அதையே, ஒரு சொல் மாறாமல் சொன்னாள். நான் ஒன்றையும் விடவில்லை. கிணற்றைச் சொன்னேன். படகு சாய்ந்ததைச் சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை.

மூத்த அதிகாரி எழுதுவதை நிறுத்தினார். பழைய கோப்பை எடுத்து, பக்கங்களைத் திருப்பிப் பார்த்தார்.

“முதல் வாக்குமூலத்தில் இது இல்லையே! அன்றே சொல்லியிருந்தால் அந்த இடத்தைத் திறந்தே இருக்க மாட்டோம். ஏன் மறைத்தார் என்று கேளுங்கள்.”

நான் அவள் பக்கம் திரும்பினேன். அவள் காத்திருந்தாள். ஒரே ஒரு வாக்கியம்... ‘மறைத்தது நான்தான்’ என்று ஒரே ஒரு வாக்கியம்!

“உங்களுக்கு வேற ஏதாவது சொல்லணுமா?” என்று கேட்டேன்.

அவள் தலையை ஆட்டினாள். “அவ்ளோதாம்மா. இனிமே இன்னா சொல்லி இன்னா? அவுரு வந்துடப் போறாரா?”

அதிகாரியிடம் சொன்னேன்: அன்று பயத்தில் மறைத்துவிட்டாராம். இப்போது வருந்துகிறார்.

அவர் எழுதிக்கொண்டார். தாளை அவளிடம் நகர்த்தினார். ஆங்கிலத்தில் இருந்த அந்தப் பக்கத்தின் கீழே, அவள் தன் பெயரைத் தமிழில் ஒவ்வோர் எழுத்தாக எழுதினாள்.

“எல்லாத்தையும் எயுதிக்கினாங்களா?”

“எழுதிக்கிட்டாங்க.”

என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். “நீ இல்லாங்காட்டி எங்க பேச்சு இவங்களுக்கு இன்னாம்மா புரியும்?” என்று சொல்லிவிட்டு வெயிலில் இறங்கிப் போனாள்.

போன வாரம் திருவொற்றியூரிலும் அந்த ஒளியைப் பார்த்திருக்கிறார்கள். கரைக்கு இன்னும் அருகில். மூன்றாம் விசாரணைக்கு ஆள் கேட்டிருக்கிறார்கள். பட்டியலில் என் பெயர் இருக்கிறது. நான் இன்னும் பதில் அனுப்பவில்லை... போவேனா? போய் எதைச் சொல்வேன்? எனக்கே தெரியவில்லை.

அந்தக் கோப்பு அலுவலக அலமாரியில்தான் இருக்கிறது. அவள் மறைத்ததால்தான் கணவன் போனான் என்று அர்த்தமாகும் ஒரு வரி அதில் இருக்கிறது. அதன் கீழே அவள் கையெழுத்து. அதற்கும் கீழே, மொழிபெயர்ப்பு சரியானது என்று உறுதியளித்து, என்னுடையது.