எரிமலை ஏரியில் ஒரு முப்பத்தோராம் நாள்

எண்பதுகளின் நடுவில் ஜெர்மனியின் வுப்பர்டால் நகர அகதிகள் விடுதியில் நானும் அண்ணையும் ஒரே அறையில் இருந்தோம். கூடப்பிறந்தவரல்ல, பத்து வயது மூத்தவர், அதனால் அண்ணை. யாழ்ப்பாணத்தில் அவருடைய தாய் இறந்த செய்தி கடிதத்தில் வந்து சேர மூன்று கிழமை பிடித்தது. கொள்ளி வைத்தது யாரோ ஒரு மச்சான். தாய்க்குக் கடைசி மகன்தான் செய்ய வேண்டும், அண்ணைதான் கடைசி. கொள்ளிதான் தவறிவிட்டது, முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியையையாவது தன் கையால் செய்ய வேண்டுமென்று ஒற்றைக்காலில் நின்றார்.

ஊரில் என்றால் கீரிமலைக்குப் போவோம். கடலோரம், நிலத்துக்குள்ளிருந்து நன்னீர் ஊறி வரும் கேணி. இங்கே எங்கே போவது? துணி ஆலைகளின் கழிவு ஓடும் வுப்பர் ஆற்றைக் காட்டினேன்.

"சாயத் தண்ணியிலையோ அம்மாவுக்குச் செய்யிறது?" என்று சீறினார்.

என் வாய் சும்மா கிடந்தால்தானே! ஜெர்மன் வகுப்பில் ஒரு படம் பார்த்திருந்தேன். ஐஃபெல் மலைப்பகுதியில் எரிமலை வெடித்த பள்ளத்தில் ஒரு ஏரி. கரையில் பனிக்கட்டி, பக்கத்திலேயே தண்ணீர் குமிழிவிட்டுக் கொண்டிருந்தது. ஊற்றென்று நானே முடிவுகட்டி, "அச்சொட்டாக் கீரிமலைதான் அண்ணை" என்று சொல்லிவிட்டேன்.

எங்கள் நகரத்தை விட்டு வெளியே போக அனுமதி வேண்டும். அன்ட்ராக் என்கிற விண்ணப்பத்தை எழுதிக் கொடுத்தோம். இறப்புச் சான்றிதழ் கேட்டார்கள். கடிதமே ஒழுங்காக வராத காலத்தில் சான்றிதழுக்கு எங்கே போவது?

"பிடிச்சால் பிடிக்கட்டும், போவம்" என்றார் அண்ணை. பிடிபட்டால் அகதி வழக்குக் கெட்டு, திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்றுதான் விடுதியில் எல்லோரும் சொல்வார்கள்.

முப்பத்தோராம் நாள் ரயிலும் பஸ்ஸும் மாறிப் போய் இறங்கினோம். சுற்றிவரக் காடு, ஆளரவம் இல்லை. அண்ணை மேலங்கியைக் கழற்றி, கம்பளிக் காற்சட்டைக்கு மேலேயே வேட்டியைச் சுற்றிக்கொண்டார். வேறு நாளென்றால் சிரித்திருப்பேன். குதிகாலால் பனிக்கட்டியை உடைத்து, முழங்காலளவு தண்ணீரில் இறங்கித் தலையில் அள்ளி ஊற்றினார். குமிழிகளைப் பார்த்து, "ஓமடா, ஊறுது" என்றார். ஐயர் இல்லை, தெரிந்த தேவாரத்தை நான் பாடினேன். விடுதிக் குசினியில் சமைத்த சோற்றில் எள்ளுப் போட்டுப் பிடித்த பிண்டத்தை ஏரியில் கரைக்க அவர் கையில் எடுத்தார்.

அப்போதுதான் பச்சைச் சீருடையில் ஒரு வனக் காவலர் வந்தார். என்ன செய்கிறீர்கள் என்று கேட்டார்.

"வாத்துகளுக்குச் சாப்பாடு போடுகிறோம்" என்று ஜெர்மனில் சொன்னேன்.

இது பாதுகாக்கப்பட்ட இடம், பறவைகளுக்குத் தீனி போடக்கூடாது என்றார். குமிழியைக் காட்டி, அது எரிமலை விடுகிற வாயு, மலை இன்னும் சாகவில்லை, அவரைத் தண்ணீரை விட்டு வெளியே வரச் சொல்லு என்றார். நாங்கள் போகும்வரை அசையாமல் நின்றார்.

"பொலிஸ் வரப்போகுது அண்ணை, கெதியா வாங்கோ" என்று அவரை இழுத்துக்கொண்டு வந்தேன். பிண்டம் அவர் கையிலேயே இருந்தது.

"அவனுக்கு என்னடா சொன்னனி?" என்று பஸ்ஸில் கேட்டார். சொன்னேன்.

"அம்மா சாகேக்கை நான் பக்கத்திலை இல்லை. அதுக்கு ஆமிக்காரனைச் சொல்லலாம், தூரத்தைச் சொல்லலாம். இண்டைக்கு அவவுக்கு முன்னாலை வந்து நிண்டனான். நீ வாத்து எண்டு சொல்லிப்போட்டாய்."

அந்தக் காவலர் எங்கள் அடையாள அட்டையைக் கேட்கவேயில்லை. தாய்க்குச் செய்கிறார் என்று சொல்லும் அளவுக்கு ஜெர்மன் எனக்குத் தெரிந்திருந்தது, பயத்தில் சொல்லவில்லை. விடிந்தால் முப்பத்திரண்டாம் நாள்.