வெள்ளைப் பூ வந்தால் கல்யாணம்

அரிமளத்தில் எங்கள் வீட்டில் எந்த நல்ல காரியமும் அம்மன் கோயிலில் பூப் போட்டுப் பார்க்காமல் நடக்காது. வெள்ளைப் பூவை ஒரு தாளிலும் சிவப்புப் பூவை இன்னொரு தாளிலும் மடித்துச் சாமி முன்னால் போட்டு, ஒரு குழந்தையை எடுக்கச் சொல்வார்கள். வெள்ளை வந்தால் சம்மதம், சிவப்பு வந்தால் வேண்டாம். அம்மன் சொன்னதை அப்பா ஒருநாளும் மீறியதில்லை. போன மாசியில் எனக்கு ஒரு பெண்ணைப் பார்த்துவிட்டு, வெள்ளிக்கிழமை பூப் போடுவது என்று முடிவு செய்தார்கள். எனக்கு இருபத்தெட்டு வயது. என் மனம் பெண்களிடம் போகாது, ஆண்களிடம்தான் போகும் என்பதை அதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

புதன்கிழமை மதியம், அப்பா வயலுக்குப் போயிருந்த நேரம், அம்மாவுக்கு டிவியில் ஒரு படம் போட்டுக் காட்டினேன். வாயால் சொல்லத் துப்பில்லாதவன் வேறென்ன செய்வான்? பதினாறு வயதுப் பையன் ஒருவன், கூடப் படிக்கும் பையன்மேல் பிரியம் வைக்கிறான். அதற்கு முன் நான் பார்த்த படங்களில் எங்களைப் போன்றவர்கள் கேலிக்கு வருவார்கள், இல்லாவிட்டால் செத்துப்போவார்கள். இவனோ சைக்கிளுக்குக் காற்றடிக்கிறான், கணக்குப் பரீட்சையில் கோட்டை விடுகிறான், பயந்து பயந்து வளர்கிறான், கடைசிவரை உயிரோடு இருக்கிறான். விஷயம் தெரிந்த அன்று அவன் அப்பா ஒரு வார்த்தை பேசாமல் அவன் தட்டில் இன்னொரு தோசையை வைக்கிறார். படம் எடுத்தவர் காலில் விழலாம் போலிருந்தது எனக்கு. நான்காவது முறை பார்க்கிறேன், அந்த இடத்தில் அன்றும் அழுதேன்.

அம்மா முருங்கைக்கீரையை உருவிக்கொண்டே பார்த்தாள். படம் முடிந்ததும் கேட்டாள்: "இந்தப் பய மாதிரிதான் நீயுமா?"

"ஆமாம்மா."

கீரையை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். இரண்டு நாள் என்னிடம் சாப்பாட்டுக்கு மேல் ஒரு பேச்சுப் பேசவில்லை. படம் வேறு, வீடு வேறு என்று நினைத்துக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை பொட்டலங்களை அம்மாதான் மடித்துக் கொண்டுவந்தாள். பூசாரியின் பேத்தி குனிந்து ஒன்றை எடுத்தாள். பிரித்தால் செவ்வரளி. அப்பாவின் முகம் தொங்கிவிட்டது.

"ஆத்தா வேண்டாங்குறா. பொண்ணு வீட்டுக்குச் சொல்லிருவோம்" என்று போனை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

எனக்குப் போன உயிர் வந்தது. அதிர்ஷ்டம் என்றே நம்பினேன். அம்மா மற்றப் பொட்டலத்தை எடுத்து என் கையில் வைத்து, "பிரிச்சுப் பாரு" என்றாள். அதிலும் செவ்வரளி.

காலையில் விளக்கேற்றாமல் பச்சைத் தண்ணீர் குடிக்காதவள் அவள். பொட்டலத்தை அவசரமாக மூடினேன். "சாமி விஷயத்துலயாம்மா?"

"காலையிலேயே ஆத்தாகிட்டச் சொல்லிட்டுத்தான் மடிச்சேன். அவளும் பொம்பளைதான? ஒரு பொண்ணு வாழ்க்கை வீணாப் போறதப் பாத்துக்கிட்டா இருப்பா?" முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "ஒவ்வொரு தடவையும் இப்புடி மடிக்க முடியாதுப்பா. ஒங்கப்பாவுக்கும் அந்தப் படத்தப் போட்டுக் காட்டு. நான் பக்கத்துல ஒக்காந்துக்கிறேன்."